தண்டனைப் பெட்டியில் முளைத்த கீரை

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிற்பாடு அதற்குத் தெம்பு இருக்குமோ என்னவோ. முப்பது பக்கப் பாதுகாப்புப் பாடம் ஒன்றை நான்கே நிமிடத்தில் படித்து முடித்தவன் நான். படித்தேன் என்றால், கணினியில் 'அடுத்து', 'அடுத்து' என்று அழுத்திக்கொண்டே போய், கடைசியில் 'முழுவதும் வாசித்துப் புரிந்துகொண்டேன்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். இன்னொரு கையில் மசால் வடை இருந்தது. பாடம் பிரெஞ்சில் இருந்தது என்று சாக்குச் சொல்லலாம். ஆங்கிலத்தில் இருந்திருந்தாலும் அதே நான்கு நிமிடம்தான். தமிழில் இருந்திருந்தால் மூன்று.

அந்த ஒரு டிக்கினால் என் மனைவியின் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா, ஆகவில்லையா என்று தெரியாமல் நடுங்கியதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடுங்கியதை என்று இறந்தகாலத்தில் எழுதுவதே கொஞ்சம் பீற்றல்தான். பிரசவத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன.

எனக்குக் கனடாவில், மாண்ட்ரியலுக்கு எதிர்க்கரையான லொங்குய்யில் ஒரு நில அளவை நிறுவனத்தில் வேலை. மாண்ட்ரியலின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி அணி ஒன்று தன் அரங்கத்தை இடம் மாற்றப் போவதாக வசந்தகாலத்தில் பேச்சு கிளம்பியது. பழைய அரங்கத்தின் கூரை ஒழுகுகிறது, இருக்கை போதவில்லை, கார் நிறுத்த இடமில்லை என்று அணியின் முதலாளிக்கு ஆயிரம் குறை. கால்வாய்க்குத் தெற்கே பழைய ரயில் பட்டறை இருந்த பெரிய காலி நிலத்தை அவர் பார்த்துவைத்திருந்தார். ஒரு காலத்தில் அங்கே எஞ்சின்களுக்குப் பெயின்ட் அடித்தார்கள், பேட்டரிகளை உடைத்தார்கள், கழிவெண்ணெயை மண்ணிலேயே ஊற்றினார்கள். இதெல்லாம் அந்த முப்பது பக்கத்தில் இருந்தது. எனக்குத் தெரிந்தது, அங்கே போய் அளக்க வேண்டும் என்பது மட்டும்தான். இந்தத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளும்போது மேலாளர் கேட்டார், ஹாக்கி பிடிக்குமா என்று. சின்ன வயதிலிருந்தே உயிர் என்றேன். நான் கண்ட ஹாக்கி திருச்சியில் பள்ளிக்கூட மைதானத்தில் செருப்பைக் கோல்கம்பமாக வைத்து ஆடியது.

காகிதத்தில் இருக்கும் அரங்கத்தை மண்ணில் குறிப்பது என் வேலை. ஆரஞ்சு வண்ணம் அடித்த மரக்குச்சிகளை அடித்துக்கொண்டே போவேன். இது பனித்தளத்தின் நடுப்புள்ளி, இது கோல், இது வீரர்கள் உட்காரும் பெஞ்சு, இது தண்டனைப் பெட்டி. முறைகேடாக ஆடுகிறவனை இரண்டு நிமிடம் உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்துவார்களே, அந்தக் கண்ணாடிக் கூண்டு. ஜூலை முதல் வாரத்தில் அந்தத் தண்டனைப் பெட்டி வரப்போகிற இடத்தில்தான் நான் கீரையைப் பார்த்தேன்.

முழங்கால் உயரத்துக்கு முளைக்கீரை. அதன் காலடியில் பாய் விரித்தாற்போல் பருப்புக்கீரை. இந்த ஊர்க்காரர்களுக்கு இரண்டுமே களை. காலால் மிதித்துப் போவார்கள். நமக்கு அப்படிப் போக முடியுமா? என்னோடு வந்த கியூபெக்காரப் பையன்கள் அந்தப் பச்சையைத் தாண்டி அளவைக் கருவியின் முக்காலியை நட்டுக்கொண்டிருந்தார்கள். நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு தண்டைக் கிள்ளிப் பார்த்தேன். பட்டென்று ஒடிந்தது. அவ்வளவு இளசு.

வீட்டில் அப்போது நிலைமை மோசம். என் மனைவி யாழ்ப்பாணத்துக்காரி; பத்து வயதில் இங்கே வந்து, இப்போது கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியின் பதிவு மேசையில் இருக்கிறாள். மூன்றாம் மாதம். எதைத் தின்றாலும் வெளியே வந்தது. என் சாம்பார் வாசனைக்கே ஓடினாள். "கீரைக்கறி எண்டால் ரெண்டு வாய் இறங்கும் போலை இருக்கு" என்று ஒருநாள் முனகினாள். தமிழ்க் கடைக்குக் கீரை வியாழக்கிழமை வரும். நான் போவதற்குள் மஞ்சள் இலைகள் மட்டும் எனக்காகக் காத்திருக்கும்.

ஆகவே அன்று ஒரு பை நிறையப் பறித்துக்கொண்டு போனேன். வாசல் காவலாளி பையை எட்டிப் பார்த்து, "சாலடா?" என்றார். "ராஜ சாலட்" என்றேன். இருவரும் சிரித்தோம்.

மனைவி பையைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"எங்கை புடுங்கினீங்கள்?"

"சைட்டுல. அரங்கம் வரப்போற இடம். வேலி போட்டுப் பூட்டி வெச்சிருக்காங்க, வெளியாள் காலே படாத இடம்."

"மருந்து கிருந்து அடிக்கிறவையோ?"

"ஒரு சொட்டு அடிக்கலை. நான்தான் தினம் பாக்கறேனே."

யோசித்துப் பாருங்கள், நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. உண்மையை மட்டுமே பேசி ஒருத்திக்கு விஷம் கொடுக்கலாம் என்பதை நான் நிரூபித்துவிட்டேன்.

அவள் நாலு தண்ணீரில் அலசி, தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தாள். ஒரு தட்டுச் சோறு தின்றாள். பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "இஞ்சை பாருங்கோ, வயித்திலை நிக்குது!" என்று அவள் சொன்னபோது, கடைசி வினாடியில் கோல் போட்டவன் மாதிரி நான் சமையலறையில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று வந்தேன்.

அப்புறம் வாரத்துக்கு இரண்டு பை. எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஏனென்றால் அந்த நிலத்தில் ஒரு மார்மோட் குடியிருந்தது, பூனை அளவு பெருச்சாளி மாதிரி ஒன்று. அதுவும் அதே கீரையைத்தான் மேய்ந்தது. கொழுகொழுவென்று இருந்தது. ஒரு பொறியியல் பட்டதாரி, பெருச்சாளியின் தொப்பையைப் பார்த்து ஆய்வறிக்கை எழுதிக்கொண்டான்.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை மாலை, அந்தப் பகுதி மக்களைக் கூட்டி அணிக்காரர்கள் திட்டத்தை விளக்கினார்கள். தேவாலயத்தின் கீழ்த்தளத்துக் கூடம். வரைபடம் எங்களுடையது என்பதால் என்னையும் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். முதலில் அரங்கத்தின் படங்கள். கண்ணாடிச் சுவர், விளக்கு, பலூன் பிடித்த குழந்தைகள். கூட்டத்தில் பாதிப் பேர் அணியின் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள், கை தட்டினார்கள். மறுபாதி வாடகை ஏறும் என்று பயந்து வந்தவர்கள், கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு மண் பரிசோதனை செய்த அம்மாள் எழுந்தார். எங்கள் அலுவலகத்தில் மண் பிரிவைப் பார்ப்பவர், ஐம்பது வயதிருக்கும், தேவையில்லாமல் ஒரு சொல் பேசமாட்டார்.

திரையில் நான் வரைந்த படம் வந்தது. என் கோடுகள், என் எண்கள். அதன்மேல் அவர் துளையிட்ட இடங்கள் வண்ணப் புள்ளிகளாக விழுந்தன. பச்சை, பரவாயில்லை. மஞ்சள், கொஞ்சம் கவனிக்க வேண்டும். சிவப்பு, காரீயமும் மற்ற உலோகங்களும் மிக அதிகம். தோண்டி, லாரியில் ஏற்றி, அதற்கென்று இருக்கும் கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டிய மண்.

அடர்ந்த சிவப்பு எங்கே இருந்தது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மற்றவர்களுக்கு அது ஒரு புள்ளி. எனக்கு அது நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்த இடம். தண்டனைப் பெட்டி.

ஒரு பெண்மணி எழுந்து, பக்கத்துத் தெருக் குழந்தைகளுக்கு இதனால் ஆபத்தில்லையா என்று கேட்டார். அணியின் தரப்பில் கோட் போட்டவர் ஒலிபெருக்கியை வாங்கினார். அரங்கம் வந்தால் மண்ணெல்லாம் கான்கிரீட்டுக்கு அடியில் போய்விடும் என்றார். "தவிர, அந்த மண்ணில் வளர்வதை யாரும் சாப்பிடப் போவதில்லையே, மேடம்!"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். பழக்கதோஷம். எல்லாரும் நிறுத்திய பிறகும் என் வாய் மட்டும் சிரித்தபடியே இருந்தது. மூடவே வரவில்லை. வெளியே வந்து மெட்ரோவில் ஏறியது ஞாபகம் இருக்கிறது, எந்த நிலையத்தில் மாறினேன் என்பது இல்லை. எதிரே ஒரு பெண் இரண்டு வயதுக் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தை ஒவ்வொரு விரலாக எண்ணிக்கொண்டு வந்தது. நாலுக்கு அப்புறம் ஐந்து சரியாக வருகிறதா என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வந்தது. யாரோ பெற்ற பிள்ளை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிண்ணம். பச்சைப்பசேலென்று கீரை.

"நல்ல நேரத்துக்கு வந்திட்டீங்கள். கூட்டம் எப்பிடி?"

"பசிக்குது" என்றேன். கிண்ணத்தை எடுத்தேன். கரண்டியால் அப்படியே வாயில் போட ஆரம்பித்தேன்.

"உங்களுக்குத்தானே கீரை பிடிக்காது?"

"இன்னிக்குப் பிடிக்குது."

"ஒரு கரண்டி எனக்கும் வையுங்கோவன்."

"இல்லை."

"என்ன மனிசனப்பா நீங்கள்! பிள்ளைத்தாச்சியிட்டைப் பறிச்சுத் தின்னுறீங்கள்."

அவள் சிரித்தாள். நான் கிண்ணத்தை வழித்துத் தின்றேன். கொட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கொட்டினால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். சொல்வதைவிடக் காரீயத்தைத் தின்பது எனக்குச் சுலபமாக இருந்தது. என் தைரியத்தின் அளவு அவ்வளவுதான்.

மறுநாள், உறைபெட்டியில் இருந்த இரண்டு பொட்டலக் கீரையைச் சாப்பாட்டுப் பையில் ஒளித்துக்கொண்டு போய், மண் பிரிவு அம்மாளின் மேசையில் வைத்தேன். பேசியது பிரெஞ்சில். என் பிரெஞ்சை உள்ளபடி எழுதினால் நீங்கள் கதையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள், அதனால் திருத்தித் தருகிறேன்.

"இது என்ன?"

"சிவப்புப் புள்ளி" என்றேன். "நாங்க சாப்பிட்டோம். என் மனைவி கர்ப்பமா இருக்காங்க."

அவர் சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நான் ஏதாவது சொன்னாலே சிரித்துவிடுகிறவர்கள் மத்தியில் வாழ்ந்து பழகியவன்.

"எத்தனை வாரமா சாப்பிடறீங்க?"

"ஒன்பது."

"கழுவினீங்களா?"

"நாலு தண்ணில."

"நல்லது. பெரும்பாலும் தூசிதான் ஆபத்து. ஆனா இலைக்குள்ளயும் கொஞ்சம் ஏறும்."

"எவ்வளவு ஏறும்?"

"தெரியாது. இதை லேபுக்கு அனுப்பறேன். ஆனா இலையைப் பாத்து உங்க மனைவியோட ரத்தத்துல என்ன இருக்குன்னு சொல்ல முடியாது. இன்னைக்கே அவங்ககிட்ட சொல்லுங்க. இன்னைக்கே."

அன்றைக்கே சொல்லவில்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. சூப்பர்மார்க்கெட்டில் பசலைக்கீரை வாங்கி, லேபிளைக் கிழித்தெறிந்துவிட்டுப் பழைய பையில் போட்டுக் கொண்டுவந்தேன். அவள் ஒரு வாய் தின்றுவிட்டு, "இது சைட் கீரை இல்லை" என்றாள். சீசன் முடிந்துவிட்டது என்றேன். போனில் காரீயம், கர்ப்பம் என்று தட்டித் தேடுவேன். முதல் இரண்டு வரி படித்ததும் மூடிவிடுவேன். மூளை வளர்ச்சி என்ற சொல்லைத் தாண்டி ஒருமுறைகூட என்னால் போக முடியவில்லை. முப்பது பக்கத்தை நான்கு நிமிடத்தில் முடித்தவனுக்கு மூன்றாவது வரி எட்டவில்லை. சனிக்கிழமை பிள்ளை உதைக்கிறது என்று என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். உதைத்தது. பலமாக உதைக்கிறதா, மெல்ல உதைக்கிறதா, இந்த மாதத்தில் எப்படி உதைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. "உன் அப்பன் மாதிரி முரடு" என்று ஏதாவது சொல்லியிருக்க வேண்டிய இடம். கையை எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலுக்குப் போனோம். கோயில் வாகன நிறுத்துமிடத்தில் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அவள் இறங்கவில்லை.

"நாலு நாளா ஒரு பகிடியும் வரேல்லை. என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ."

"ஒண்ணுமில்லம்மா."

"வேலை போயிட்டுதோ?"

"இல்லை."

"பேந்து என்ன?"

சொன்னேன். கணினியில் போட்ட டிக்கிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். மார்மோட் வரை வந்தபோது, அப்போதுகூட, கொஞ்சம் வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

அவள் கத்தவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். கர்ப்பம் ஆனதிலிருந்து சாப்பிடும் தட்டையெல்லாம் படம் பிடித்து டொராண்டோவில் இருக்கும் தன் அம்மாவுக்கு அனுப்புவது அவள் வழக்கம். ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். பச்சை தெரிந்த இடத்தில் நிறுத்தி விரலை மடக்கினாள். சில படங்களில் தட்டுக்கு மேலே என் கட்டைவிரல், பெருமையாக உயர்ந்து நின்றது.

"பதினேழு தரம்" என்றாள். பிறகு, "ஆருக்கு முதல் சொன்னீங்கள்?"

"ஆபீஸ்ல மண் டெஸ்ட் பண்றவங்ககிட்ட."

"எப்ப?"

"வியாழக்கிழமை."

"வியாழன்" என்றாள். "இண்டைக்கு ஞாயிறு."

நான் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குப் பயமா இருந்துச்சு."

"எனக்கு இப்பத்தான் தொடங்குது" என்றாள். "நீங்கள் காருக்குள்ளை இருங்கோ. நான் கும்பிட்டிட்டு வாறன்."

முக்கால் மணி நேரம் இருந்தேன். பட்டு வேட்டிகளும் குளிர்ச்சட்டைகளுமாகச் சனம் போய்க்கொண்டிருந்தது. தெரிந்த ஒருவர் கண்ணாடியைத் தட்டி, "என்ன, உள்ளுக்கு வரேல்லையோ?" என்றார். செருப்பு தொலைந்துவிட்டது என்றேன். அவர் என் காலைப் பார்த்தார். செருப்பு இருந்தது.

திங்களன்று ரத்தம் எடுத்தார்கள், இருவருக்கும். முடிவு வர வெள்ளி ஆகும் என்றார்கள். அந்த வாரம் அலுவலகத்தில் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். என்னைத் திட்டிவிட்டு, வெளி வேலையிலிருந்து எடுத்து, பாடத்தை மறுபடி படிக்கச் சொன்னார்கள். இந்தத் தடவை அகராதியை வைத்துக்கொண்டு முப்பது பக்கமும் படித்தேன். ஒரு முழு நாள் ஆயிற்று. ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. செடி, பழம், மண் எதையும் வெளியே எடுத்துச் செல்லக் கூடாது. கூடவே ஒரு படம், கையில் பூ வைத்திருக்கும் மனிதன்மேல் சிவப்புக் கோடு. பிரெஞ்சே தெரியாத குழந்தைக்கும் புரிந்திருக்கும்.

அரங்கம் வருமா என்று அலுவலகத்தில் தினமும் பந்தயம் நடக்கிறது. மண்ணை அள்ளும் செலவு யார் தலையில் என்று அணி முதலாளியும் நகரசபையும் இழுபறியில் இருக்கிறார்கள். பழைய அரங்கமே போதும் என்கிறார்கள் சிலர். மண்ணைச் சுத்தம் செய்வதற்காகவாவது அரங்கம் வரட்டும் என்கிறார் மண் பிரிவு அம்மாள். நான் எந்தக் கட்சி என்று யாரும் கேட்பதில்லை. நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

ரத்த முடிவு வரும்வரை அந்த நான்கு நாட்களும் வீட்டில் அவள் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். உப்பு. கதவு. மழை வருது. தானே சமைத்தாள், தானே கடைக்குப் போனாள். நான் வாங்கிவந்த பாலைக்கூட வாசித்துப் பார்த்துத்தான் திறந்தாள். சில நேரம் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நிற்பாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றால் நகரமாட்டாள். என் கையை எடுத்து வயிற்றில் வைக்கவும் மாட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மருத்துவர் கூப்பிட்டார். சமையலறை மேசையில் போனை ஒலிபெருக்கியில் வைத்தாள். என் முழங்கால் மேசைக்காலில் அடித்துக்கொண்டே இருந்தது; அவள் காலால் என் காலை மிதித்து நிறுத்தினாள்.

அளவு குறைவாகத்தான் இருக்கிறது என்றார் மருத்துவர். சிகிச்சை ஒன்றும் தேவையில்லை. ஸ்கேனும் ஒழுங்காக இருக்கிறது. மாதம் ஒருமுறை ரத்தம் பார்ப்போம். நன்றாகக் கழுவிச் சமைத்தது நல்லதாயிற்று.

"அப்போ குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுதானே?" என்று கேட்டேன்.

"கவலைப்படுகிற மாதிரி எதுவும் இப்போது தெரியவில்லை" என்றார். மருத்துவர்கள் சொற்களை எப்படி நிறுத்துப் போடுகிறார்கள்! இப்போது. தெரியவில்லை. அந்த இரண்டையும் நான் இன்றுவரை வைத்துக்கொண்டு திரிகிறேன்.

போன் அணைந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டாள். எனக்கோ எட்டு நாளாக அடைத்திருந்த வாய் திறந்துகொண்டது. சும்மா இருக்க முடியவில்லை. பிள்ளைக்கு உடம்பெல்லாம் இரும்பு, கோல்கீப்பராகத்தான் வரும் என்றேன். புது அரங்கத்தில் முதல் ஆட்டத்துக்கு மூன்று டிக்கெட் எடுத்துவிடலாம், தண்டனைப் பெட்டிக்கு நேர் பின்னால், நம் தோட்டம் இருந்த இடம் என்று பிள்ளைக்குக் காட்டலாம் என்றேன். சட்டை என்ன அளவு வாங்குவது, எண் என்ன போடுவது, பதினேழு போட்டுவிடலாமா என்று கேட்டேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"முதல்லை பிள்ளை பிறக்கட்டும்."